நூவிக்குப் பால் இருக்கிறது

"கப்பல் திரும்புது சார்" என்றார் அருளப்பன்.

"இங்கிட்டா?"

"அங்கிட்டு. கடலப் பாத்து."

ஹார்பர் மாஸ்டர் கோமதிநாயகம் தொலைநோக்கியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். தருவைக்குடா துறைமுகக் கோபுரத்தின் கண்ணாடிக்கு வெளியே மத்தியானமே அந்தி மாதிரி இருட்டிக் கிடந்தது. கொடிமரத்தில் ஏற்றிய எட்டாம் நம்பர் புயல் கூண்டு காற்றில் சுற்றிச் சுற்றி அடித்தது. முகத்துவாரத்துக்கு அப்பால் காலையிலிருந்து நின்றிருந்த அந்தத் துருப்பிடித்த கப்பல், நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு மூக்கைத் தெற்கே திருப்பிக்கொண்டிருந்தது. புயல் வருவதும் அந்தத் தெற்கிலிருந்துதான்.

"என்னம்மா சொன்னிய அவனுவகிட்ட?"

மொழிபெயர்ப்பாளர் ஜெசிந்தா மைக்கை விடாமல் பிடித்திருந்தாள். "நீங்க சொல்லச் சொன்னதத்தான் சார் சொன்னேன். களைச்சுப்போய் வந்திருக்கிய, உள்ள வாங்க, இங்கன இளைப்பாறலாம்னு. வேற ஒண்ணும் சொல்லல."

"அதுக்கா ஒருத்தன் புயலுக்குள்ள போவான்?"

கப்பலில் இருந்தவர்கள் தவேனுக்காரர்கள். கடல் ஏறி ஏறி அவர்களுடைய தீவுகளைத் தின்றுவிட்டது. பிள்ளை குட்டிகளோடு கிளம்பி, எந்தத் துறைமுகமும் சேர்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தவர்களைத் தருவைக்குடாவில் இறக்கிக்கொள்ளலாம் என்று அன்று காலையில்தான் கலெக்டர் உத்தரவு கொடுத்திருந்தார். அவர்களுக்குத் தவேனு தவிர வேறு பேச்சு வராது. இந்தக் கரையில் தவேனு தெரிந்த ஒரே ஆள் ஜெசிந்தா. அவளும் அதை ஒரு மனிதர் வாயிலிருந்து கற்றவள் அல்ல. அவளுக்கு அது பதியம் போட்டது.

கொப்பை வளைத்து மண்ணில் அமுக்கி வேர்விட வைப்பார்களே, அதே பெயரைத்தான் இதற்கும் வைத்திருந்தார்கள். காதுக்குப் பின்னால் ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டியது. ஒரு தேசத்துப் பாட்டுகள் விடிய விடிய உள்ளே ஓடும். சும்மா பேசுகிற பேச்சு மண்டையில் நிற்காது, வழுக்கிவிடும். ராகத்துக்குத்தான் கொக்கி உண்டு, அது மாட்டிக்கொண்டு சொல்லையும் பொருளையும் இழுத்து வைத்துவிடும் என்று பதியக் கூடத்தில் சொன்னார்கள். ஒரு மாதத்தில் ஒரு மொழி. துறைமுகத்தில் இருந்த மற்ற மொழிபெயர்ப்பாளர்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜெசிந்தா ஒருத்தியை வைத்துக்கொண்டார்கள்.

"ஏ தாயி" என்றார் அருளப்பன். ரேடியோ மேசையிலேயே தலை நரைத்தவர் அவர். "அன்னைக்கு பர்மாக்காரன்கிட்ட பேசின மாதிரி எதுவும் பேசிட்டியோ?"

"சும்மா இருங்கண்ணே."

"என்ன சும்மா இரு? கயித்த இறுக்கிக் கட்டுன்னு நீ சொன்னதுக்கு அந்தக் கேப்டன் முகஞ்சிவந்து, இந்தம்மாவுக்கு வீட்டுக்காரர் இருக்காரான்னு ஏஜென்ட்டுகிட்ட விசாரிக்கல?"

"அவுங்க போட்ட பர்மாப் பாட்டு பூராக் காதல் பாட்டுண்ணே. எனக்கு அப்படித்தான் வாய்ல வருது. நான் என்ன செய்ய?"

"வேடிக்கைப் பேச்ச நிறுத்துதியளா ரெண்டு பேரும்?" கோமதிநாயகத்தின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "முகத்துவாரத்துல மணல்திட்டு இருக்கு. இன்னும் கொஞ்சத்துல அலை அது மேல உடைய ஆரம்பிச்சிரும். அப்புறம் அவனா வரணும்னு நெனச்சாலும் வரமுடியாது. நம்ம இழுவைப் படகும் வெளிய போவ முடியாது. திருப்பிக் கூப்புடுங்க. கெஞ்சுங்க. கால்ல விழுங்க."

ஜெசிந்தா மைக்கை அழுத்தினாள். தவேனு அவள் வாயில் எப்போதும் மெல்லிசாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லின் நடுவிலும் ஒரு மூச்சு தட்டி நிற்கும். பயப்பட வேண்டாம், உங்களுக்குக் கஷ்டமெல்லாம் முடிந்துவிட்டது, இங்கே எல்லோரும் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள், வாருங்கள் என்று கெஞ்சினாள்.

பதிலாக ஓர் ஆண் குரல் கரகரத்தது. அந்தக் குரல் நடுங்கியது அவளுக்கே கேட்டது. ஒரே சொல்லை மூன்று நான்கு முறை சொன்னது. மேயா. மேயா. பிறகு ரேடியோ அடங்கிவிட்டது.

"என்னவாம்?"

"'நாங்க நீங்க இல்ல'ங்கான் சார்."

"என்னது?"

"மேயான்னா நீங்க. நாங்க மேயா இல்ல, எங்கள மேயான்னு சொல்லாதேங்கான்."

"ஏம்மா, உங்களுக்குத் தெரியுமா தெரியாதா இந்தப் பாஷை?"

அவளுக்குத் தெரியும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். மற்ற மொழிகளைவிட இது ஆழமாக இறங்கியது என்றுகூடச் சொல்லலாம். தவேனு பதியம் போட்ட மாதத்தில் அவள் காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தாள். குழம்பு தாளிக்கும்போது அழுகை வரும். பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும். அவள் புருஷன் லியோன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல யாரும் போயிட்டாவளா? எங்கிட்ட மறைக்கியா?" என்று கேட்டான். பதியக் கூடத்துக்குப் போன் செய்து கேட்டதற்கு, "வேர் பிடிக்குதுன்னு அர்த்தம் மேடம், நல்லதுதான்" என்றார்கள்.

இப்போது அந்தப் பதியக் கூடத்தைத்தான் கூப்பிட்டாள். சென்னையில் மதுசூதனன் என்கிற பொறுப்பாளர் எடுத்தார்.

"சொல்லுங்க மேடம். தவேனு நல்லா வேலை செய்யுதா? டிவியில போட்டுட்டே இருக்கான் உங்க துறைமுகத்த."

"சார், மேயாங்கிற சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"முன்னிலை. நீ, நீங்க, ரெண்டுக்கும் அதுதான். உங்களுக்கே தெரியுமே."

"வேற 'நீங்க' இருக்கா அந்த மொழியில?"

"நம்ம பாட்டுல வேற எதுவும் வரலயே. அத்தன பாட்டுலயும் மேயாதான்."

"அந்தப் பாட்டெல்லாம் எங்க எடுத்தது சார்?"

"முகாம்ல. ரெண்டாவது தடவ கடல் உள்ள வந்துச்சே, அப்ப நிவாரண முகாம் போட்டாங்க. எங்க பசங்க மிஷினத் தூக்கிட்டுப் போய்ப் பதிவு பண்ணினாங்க. யாருமே பாட மாட்டேன்னுட்டாங்க மேடம். ஒரே ஒரு அம்மா மட்டும் உக்காந்து பாடிட்டே இருந்துச்சு. என்னா குரல். பூரா அவங்க பாடினதுதான்."

"எத நெனச்சுப் பாடினாவ அந்தம்மா?"

"அது எப்படி மேடம் எங்களுக்குத் தெரியும்? எங்களுக்குச் சொல் வேணும், இலக்கணம் வேணும். அது போதுமான அளவு இருந்துச்சு. எதுக்குக் கேக்கறீங்க?"

ஜெசிந்தா போனை வைத்துவிட்டாள். ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அருளப்பன் நாற்காலியைத் திருப்பினார்.

"தண்ணி ஊரக் கொண்டுபோயி, முகாம்ல உக்காந்திருக்கிற பொம்பள என்ன பாட்டுப் பாடும்?" என்றார்.

"அண்ணே..."

"ஒப்பாரில்லா பாடும். உனக்கு அவனுவ ஒப்பாரியப் போட்டுருக்கானுவ தாயி. பூரா ஒப்பாரி."

"அப்போ மேயான்னா..."

"நம்மூர்ல ஒப்பாரி மட்டும் கேட்டுத் தமிழ் படிச்சவன் ஒருத்தன் இருக்கான்னு வையி. அவன் தெருவுல போற ஒருத்தன விருந்துக்குக் கூப்புடுதான். என் ராசா, பூ மெத்த போட்டு வச்சிருக்கேன், உனக்குக் கஷ்டமெல்லாம் தீந்துச்சு, வந்து கண்ணுறங்குன்னு கூப்புடுதான். போவானா அந்த ஆளு?"

கோமதிநாயகம் மெதுவாகத் தொலைநோக்கியைக் கீழே வைத்தார். "செத்தவங்களக் கூப்புடுத சொல்லா அது?"

"உயிரோட இருக்கவங்களுக்கு வேற சொல்லு இருக்கும் சார்" என்றாள் ஜெசிந்தா. "நான் காலையிலருந்து அவங்களப் பிணமே, பிணமேன்னு கூப்புட்டிருக்கேன். இங்க எல்லாரும் உங்களுக்காகக் காத்திருக்காங்கன்னு வேற சொல்லிருக்கேன்."

செத்தவர்கள் கூப்பிட்டால் ஏன் என்று பதில் குரல் கொடுக்கக்கூடாது என்பது அவள் ஊரிலும் உண்டு. மூன்று முறை கூப்பிடும் வரை கதவைத் திறக்கமாட்டார்கள். அந்தக் கப்பலில் இருப்பவன் புத்தியுள்ளவன். சாவு கூப்பிடுகிறது என்று தெரிந்ததும் ஓடுகிறான். ஓடுவது எதற்குள் என்று தெரியாமல் ஓடுகிறான்.

"சரி, அந்த இன்னொரு 'நீங்க' என்னது? அதச் சொல்லு" என்றார் கோமதிநாயகம். அவசரத்தில் மரியாதை நழுவியிருந்தது.

"எனக்குத் தெரியாது சார். எந்தப் பாட்டுலயும் இல்ல."

"மேயாவ விட்டுட்டுப் பேசேன்."

"முடியாது. வா, போ, சாப்புடு எல்லாத்துக்கும் வாலுல மேயா ஒட்டிக்கிட்டுத்தான் வரும். அவங்களப் பாத்துச் சொல்லுத வினை எத எடுத்தாலும் அதுவும் சேந்து வந்துரும்."

"அப்ப வினையே வேண்டாம்" என்றார் அருளப்பன். "ஏலக்காரன் கூவுத மாதிரி கூவு. நெய்மீன், வாளை, சாளைன்னு கூவுதானே, வா போன்னா சொல்லுதான்? பொருளச் சொல்லு. வேணுங்கிறவன் வருவான்."

வெளியே முதல் பெரிய அலை மணல்திட்டின் மேல் வெள்ளையாக உடைந்தது. மூவரும் பார்த்தார்கள்.

ஜெசிந்தா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கெஞ்சலை எடுத்துவிட்டாள். சொல்லைச் சொல்லாக வைத்தாள். கரை. மண். விளக்கு. சோறு. கூரை. காற்று இல்லை. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். மீண்டும் முதலிலிருந்து சொன்னாள்.

ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. கப்பல் மேகத்துக்குள் பாதி மறைந்துவிட்டது.

"பிள்ளைங்களச் சொல்லு" என்றார் கோமதிநாயகம். "பெத்தவனுக்கு அதுதான் உறைக்கும். கீழ அண்டாவுல பால் காச்சி வச்சிருக்குன்னு சொல்லு."

தவேனுவில் குழந்தைக்கு நூவி. அந்தச் சொல் வராத பாட்டே கிடையாது. மடி என்று வரும் இடத்தில் நூவி வரும், பால் வரும் இடத்தில் நூவி வரும், தூக்கம் வரும் இடத்தில் வரும். அவளுக்கு அந்த மொழியிலேயே மிகவும் பிடித்த சொல் அது.

"நூவி" என்றாள். "நூவி, பால். நூவி இங்கே. நூவிக்குப் பால் இருக்கிறது. நூவிக்குப் பசி இல்லை. நூவிக்குக் கூரை. நூவி இங்கே."

இரைச்சல் சட்டென்று நின்றது. அங்கே யாரோ மைக்கை அழுத்தியிருக்கிறார்கள். ஆனால் பேசவில்லை. யாரோ யாரிடமோ தர்க்கம் பண்ணுகிற சத்தம். ஏதோ விழுகிற சத்தம். பிறகு ஒரு பெண் குரல், மிக அருகில்.

"நூவி?"

"ஆமாம். நூவி இங்கே."

"நூவி? பால்?"

"பால். நிறையப் பால். நூவி இங்கே."

அந்தப் பெண் குரல் ஒரு தரம் கூவியது. அது மொழியில்லாத சத்தம். ரேடியோ அணைந்தது.

"சார்" என்றார் அருளப்பன். எழுந்து நின்றுகொண்டிருந்தார். "திரும்புது சார். இங்கிட்டு."

அதற்கப்புறம் நடந்தது ஜெசிந்தாவின் கையில் இல்லை. கோமதிநாயகம் மைக்கை வாங்கி இழுவைப் படகுக்காரர்களைத் திட்டியே முகத்துவாரத்தின் உள்வாய் வரை கொண்டு நிறுத்தினார். கப்பல் மணல்திட்டின் மேல் ஏறியபோது பின்புறம் தூக்கி, சுழலி காற்றில் வெறுமனே சுற்றியது தெரிந்தது. பக்கவாட்டில் சாய்ந்தது. அருளப்பன் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த அலை அதைத் தூக்கி உள்ளே எறிந்தது. இழுவைப் படகின் கயிறு போய் மாட்டியது. கோமதிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்து, தொலைநோக்கியை அருளப்பனிடம் நீட்டினார்.

"பர்மாவ மன்னிச்சாச்சு" என்றார் கடைசியில்.

கப்பலைத் துறையில் கட்டியபோது மழை சாய்வாக அடித்தது. தார்ப்பாயைத் தலைமேல் பிடித்துக்கொண்டு சனங்கள் ஏணிப்படியில் இறங்கி, துறைமுகச் சரக்குக் கிட்டங்கிக்குள் ஓடினார்கள். உள்ளே நிஜமாகவே அண்டாவில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பிள்ளை இறங்கும்போதும் ஜெசிந்தா சிரித்துக்கொண்டே "நூவி, நூவி" என்று டம்ளரை நீட்டினாள். பிள்ளைகள் வாங்கிக் குடித்தன. பெரியவர்கள் அவளை விநோதமாகப் பார்த்துவிட்டு விலகி நடந்தார்கள்.

கடைசியில் ஒரு பெண் இறங்கினாள். வயது அதிகமில்லை, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவள் ஓடவில்லை. பால் குடிக்கும் பிள்ளைகளின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். பார்த்து முடித்துவிட்டு ஜெசிந்தாவின் முன்னால் நின்றாள்.

"நூவி?" என்றாள்.

ஜெசிந்தா பக்கத்தில் நின்ற ஒரு பெண் குழந்தையை முன்னால் இழுத்து, "நூவி" என்றாள்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அவள் பேசப் பேச ஜெசிந்தா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். மெல்லிசான அந்தக் குரல், ஒவ்வொரு சொல்லின் நடுவிலும் தட்டி நிற்கிற அந்த மூச்சு. தன் தொண்டை தனக்கு வெளியே நின்று பேசுவது மாதிரி இருந்தது. முகாமில் உட்கார்ந்து பாடிய அந்த அம்மா இவள்தான். தன் வாயில் இருக்கிற மொழி மொத்தமும் இவள் வாயிலிருந்து வந்ததுதான்.

தாடியில் உப்புப் பூத்த ஒருவன் வந்து அவள் தோளைப் பிடித்தான். ரேடியோவில் பேசியவன்; குரலில் தெரிந்தது. ஜெசிந்தா அவனிடம் குழந்தையைக் காட்டி, "நூவிதானே?" என்றாள்.

அவன் அந்தக் குழந்தையின் தலையில் கை வைத்தான். "கிலு" என்றான். இன்னொரு குழந்தையைக் காட்டி, "கிலு" என்றான். எல்லாப் பிள்ளைகளையும் கையால் வளைத்துக் காட்டி, "கிலு, கிலு" என்றான். எந்தப் பாட்டிலும் வராத சொல். பிறகு அந்தப் பெண்ணைக் காட்டினான்.

"நூவி இவள் மகள். நூவி பெயர்."

பெயர் என்கிற சொல் ஜெசிந்தாவுக்குத் தெரியும். பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்றுதான் பாட்டு முழுக்க.

"தண்ணீர் கொண்டுபோனது" என்றான் அவன். "உடம்பு கிடைக்கவில்லை. நான் திரும்ப மாட்டேன் என்றேன். நூவி அங்கே பால் குடிக்கிறாள் என்று இவள் சொன்னாள். ஒரு பிள்ளை பிழைத்த கரை என்றால் எல்லோரும் பிழைக்கலாம் என்று மற்றவர்களும் சொன்னார்கள். அதனால் திரும்பினேன்." அவன் ஜெசிந்தாவின் முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தான். "ரே, நூவியை எங்கே பார்த்தாய்?"

ரே. அதுதான் அந்த இன்னொரு 'நீ' போலிருக்கிறது என்று அவள் மனசு தன்பாட்டுக்குக் குறித்துக்கொண்டது. அதை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"என்ன கேக்கா அந்தப் பொம்பள?" கோமதிநாயகம் மழைக்கோட்டோடு வந்து நின்றார். காதில் போன்.

"பிள்ளையக் கேக்கா சார். நூவின்னா குழந்தை இல்ல. அவ பிள்ளையோட பேரு. செத்துப்போன பிள்ளை. நான் அது இங்கன இருக்குன்னு சொல்லிருக்கேன். அதனாலதான் கப்பல் வந்துருக்கு."

அவர் முகம் மாறியது. அந்தப் பெண்ணைப் பார்த்தார். கிட்டங்கியில் அப்பிக் கிடந்த சனத்தைப் பார்த்தார். தகரக் கூரையில் காற்று இடித்தது.

"இப்ப ஒண்ணும் சொல்லாதம்மா" என்றார் தணிந்த குரலில். "ஆஸ்பத்திரியில இருக்கு, காலையில பாக்கலாம்னு சொல்லு. இந்தக் கூட்டத்துல ஒருத்தி அலற ஆரம்பிச்சா எல்லாம் பயந்து கப்பலுக்கே ஓடிரும். வந்து சேந்துட்டாவல்ல? உயிரோட இருக்காவல்ல? நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"நாளைக்கு யாரு சார் சொல்லுவா?"

"நீதான்."

அந்தப் பெண் ஜெசிந்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை. அந்த வாயிலிருந்துதான் அவள் மகளின் பெயர் வந்தது, பால் வந்தது, பசி இல்லை என்பது வந்தது. இன்னும் ஒரு சொல் வரும் என்று அந்த முகம் காத்திருந்தது. ஒரு ராத்திரிக்கு அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. அதற்குத் தேவையான சொல்லெல்லாம் ஜெசிந்தாவிடம் இருந்தது. படுக்கை, போர்வை, தூக்கம் எல்லாம் பாட்டில் உண்டு. எல்லாம் இவள் கொடுத்ததுதான்.

இவள் கொடுத்ததா, இவளிடமிருந்து எடுத்ததா?

ஜெசிந்தா அந்தப் பெண்ணின் கைகளைப் பிடிக்கப் போனாள். பிடிக்கவில்லை. இல்லாத ஒரு பிள்ளையிடம் பேசுவதுபோல மழையைப் பார்த்துச் சொன்னாள்.

"நூவி, மேயா."

காலையிலிருந்து தப்பாகவே வந்துகொண்டிருந்த சொல், இந்த ஒரு தடவை சரியாக விழுந்தது. தாடிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்தப் பெண் அலறவில்லை. அவளுடைய வலது கை மெதுவாக எழுந்து வந்து ஜெசிந்தாவின் வாயை மூடியது. அடிக்கிற கை இல்லை. குழந்தை இப்போதுதான் கண்ணசந்தது, பேசாதே என்று பக்கத்திலிருப்பவளை அடக்குவார்களே, அந்த மாதிரிக் கை. அதில் டீசலும் உப்பும் வாடையடித்தன.

"என்னவாம்?" என்றார் கோமதிநாயகம். "கலெக்டர் லைன்ல இருக்காரு. என்னன்னு சொல்ல?"

ஜெசிந்தா அசையாமல் நின்றாள். அந்தக் கை எடுபடுகிற வழியாக இல்லை.